மழைக்கு முந்தைய டார்வின்

நவம்பர் 17

ஆஸ்திரேலியாவின் வட விளிம்பில், திமோர் கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கும் டார்வின் நகருக்கு வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில்தான் வருகிறார்கள். அப்போது வானில் மேகம் அரிது. இரவில் மெல்லிய போர்வை தேவைப்படும். மிண்டில் கடற்கரையில் மாலைச் சந்தை கூடும். நான் வேண்டுமென்றே நவம்பரைத் தேர்ந்தெடுத்தேன். வறண்ட காலத்தை இங்கே ‘டிரை’ என்றும் மழைக்காலத்தை ‘வெட்’ என்றும் சொல்கிறார்கள். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்காமல் இழுபறியாக நிற்கும் இந்த வாரங்களுக்குப் பெயர் ‘பில்ட் அப்’. ஒரு நகரத்தின் பருவநிலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அது மாறும் வேளையில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சிங்கப்பூரிலிருந்து வந்த விமானம் நள்ளிரவு கடந்து தரையிறங்கியது. கதவு திறந்ததும் முகத்தில் மோதிய காற்று சென்னைவாசிக்குப் புதிதல்ல என்றாலும், அந்த நேரத்திலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது சற்றே வியப்பைத் தந்தது. இங்கே பல ஆண்டுகளாக வசிக்கும் யாழ்ப்பாண நண்பர் அழைத்துச் செல்ல வந்திருந்தார். “பிழையான மாதத்திலே வந்திட்டீங்கள் அண்ணை. இப்ப சனம் எல்லாம் லீவு எடுத்துக்கொண்டு தெற்குப் பக்கம் ஓடுற காலம்” என்று சொல்லிக்கொண்டே பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தார்.

வெப்பநிலைப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் அவருடைய எச்சரிக்கை மிகையாகத் தோன்றும். ஜூலையில் டார்வினின் சராசரிப் பகல் உச்சம் 30 டிகிரி செல்சியசைச் சற்றே தாண்டுகிறது; நவம்பரில் அது 33 டிகிரியை ஒட்டி நிற்கிறது. குளிர்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே மூன்று டிகிரிதான் வேறுபாடு என்றால் அதைப் பருவம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஜூலையில் வீசுவது பாலைவனத்தைக் கடந்து வரும் உலர்ந்த தென்கிழக்குக் காற்று. அதன் பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பல நாட்களில் 15 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். இப்போது பனிப்புள்ளி 24, 25 என்று நிற்கிறது. காற்று இவ்வளவு ஈரத்தைச் சுமந்துகொண்டிருக்கும்போது உடலின் வியர்வை எளிதில் ஆவியாகாமல் தோலிலேயே தங்கிவிடுகிறது. இரவும் 25 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. எனவே இந்த ஊருக்கு வருகிறவர்கள் வெப்பமானியைப் பார்த்து ஏமாற வேண்டாம். பனிப்புள்ளி என்ற அந்த ஒற்றை எண்ணைப் பார்த்தால் போதும், எந்தப் பருவம் என்று சொல்லிவிடலாம்.

நவம்பர் 18

காலை ஆறரை மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. ஜார்ஜ் பிரௌன் தாவரவியல் பூங்காவுக்கு நடந்தே போனேன். வழியெங்கும் மயிற்கொன்றை மரங்கள் செக்கச்செவேலென்று பூத்திருந்தன. தமிழ்நாட்டில் மே மாதத்தில் பார்க்கும் அதே பூ, அதே நெருப்பு நிறம். வீட்டு வேலிகளுக்குள் மாமரங்களில் காய்கள் தொங்கின. சில பழுத்து நடைபாதையில் விழுந்து சிதறிக் கிடந்தன. பூங்காவுக்குள் குயில் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் நியூகினியிலிருந்தும் மழைக்கு முன்னதாக இங்கே வந்து சேரும் இக்குயில் இனத்தை மழைப்பறவை என்றே பலர் அழைக்கிறார்கள். நமக்கு இளவேனிலை அறிவிக்கும் குரல் இங்கே கருமேகத்தை அறிவிக்கிறது.

இந்த ஒற்றுமைக்கெல்லாம் காரணம் எளிமையானது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது; டார்வின் தெற்கே ஏறத்தாழ 12½ டிகிரியில். கோட்டிலிருந்து இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொலைவு. ஆகவே சூரியன் சென்னையின் உச்சிக்கு ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் வருவதுபோல, டார்வினின் உச்சிக்கு அக்டோபர் இறுதியிலும் பிப்ரவரி நடுவிலும் வருகிறது. இன்று நண்பகலில் என் நிழல் வடக்கு நோக்கி விழுந்தது. அதாவது சூரியன் எனக்குத் தெற்கே நின்றது. தென்கோளத்தில் நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கிலேயே இருக்கும் என்று பள்ளியில் படித்ததை நம்பி வீடு கட்டுகிறவர் இங்கே ஏமாந்து போவார்.

அப்படியானால் டார்வினின் நவம்பர் நம்முடைய மே மாதம்தானா என்று கேட்டால், பாதிதான் உண்மை. நம் அக்னி நட்சத்திரத்துக்குப் பிறகு சென்னைக்குக் கிடைப்பது அவ்வப்போது மாலையில் பெய்யும் மழை மட்டுமே. பெருமழைக்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். டார்வினுக்கு அந்த இடைவெளி கிடையாது. வெயில் உச்சத்தைத் தொட்ட கையோடு மழையும் வந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நகரம் அதில் பெரும்பகுதியை நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களிலேயே பெற்றுவிடுகிறது. ஜனவரியில் மட்டும் 400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். ஜூலையில் ஒரு மில்லிமீட்டர் பெய்தாலே செய்தி.

நவம்பர் 19

மழைக்காலம், வறண்ட காலம் என்ற இரண்டே பகுப்பு வெள்ளையர் குடியேற்றத்தோடு வந்தது. 1869இல் இந்தத் துறைமுகத்தில் குடியிருப்பை அமைத்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். இம்மண்ணின் பூர்வகுடிகளான லராக்கியா மக்கள் ஆண்டை ஏழு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். முதல் மழையின் பருவம் பல்ன்பா. பெரும் பருவமழையின் காலம் தலாய். அதன் பின் வரும் மயிலெமாவில் ஆள் உயரம் வளர்ந்த ஈட்டிப்புல்லைக் கடைசிப் புயல்காற்று தரையோடு சாய்த்துவிடும்; மேக்பை வாத்துகள் முட்டையிடுவதும் அப்போதுதான். தமிபிலாவில் பாரமுண்டி மீனும் காட்டுப் பழங்களும் கிடைக்கும். தினிஜங்கமா கடும் பனி இறங்கும் காலம். குருல்வா பெருங்காற்றின் காலம். தலிர்கங் புழுக்கம் ஏறும் காலம்.

இப்பட்டியலைப் பார்த்ததும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற நம்முடைய ஆறு பெரும்பொழுதுகள் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஒரு வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் பெரும்பொழுதுகள் மாதங்களோடு கட்டப்பட்டவை: ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். லராக்கியா பருவம் தேதிக்குப் பணிவதில்லை. புல் சாய்ந்தால் மயிலெமா. சாயாதவரை அது வரவில்லை. மழை பிந்தும் ஆண்டில் பருவமும் பிந்தும். கணக்குப் போடுகிறவர்களுக்கு இது சிரமமான முறையாக இருக்கலாம். மழை ஒவ்வோர் ஆண்டும் வேறு நாளில் வருகிற ஊரில் இதைவிடச் சரியான முறை இருக்க முடியாது.

மாலையில் நைட்கிளிஃப் கடலோரத்துக்குப் போனோம். கடல் கண்ணுக்கெட்டிய தூரம் உள்வாங்கிப் பாறைகள் வெளியே தெரிந்தன. ஓதத்தின் ஏற்ற இறக்கம் சில நாட்களில் எட்டு மீட்டர் வரை போகும் கரை இது. இத்தனை வெக்கையிலும் தண்ணீரில் ஒருவர்கூட இல்லை. அக்டோபரிலிருந்து மே வரை பெட்டி ஜெல்லி மீன்களின் பருவம்; முதலைகளுக்கோ பருவமே கிடையாது. வியர்த்து வழியும் ஊர்க்காரர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு கரையிலேயே நிற்கிறார்கள்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கடலை அல்ல என்று பிறகுதான் நண்பர் சுட்டிக்காட்டினார். வடக்கே, அடிவானத்துக்கு அப்பாலிருந்து வெள்ளைக் கோபுரம்போல ஒரு மேகம் எழுந்து, உச்சியில் பட்டறைக்கல் வடிவில் பரந்து நின்றது. அதற்கு ஊரே அறிந்த பெயர் உண்டு: ஹெக்டர். டார்வினுக்கு வடக்கே உள்ள திவித் தீவுகளான பாதர்ஸ்டுக்கும் மெல்வில்லுக்கும் மேலே, செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏறக்குறைய நாள்தோறும் பிற்பகலில் இந்த இடிமேகம் உருவாகிறது. பகலில் தீவின் நிலம் சூடேற, எதிரெதிர்க் கரைகளிலிருந்து கடற்காற்று உள்ளே நுழைந்து நடுவில் முட்டிக்கொள்கிறது. ஒதுங்க வழியில்லாத ஈரக்காற்று மேலே பாய்கிறது. சில நாட்களில் அது 20 கிலோமீட்டர் உயரத்தை எட்டும். பயணிகள் விமானம் பறப்பது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அளவு புரியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இவ்வழியே பறந்த விமானிகள், தவறாமல் ஒரே இடத்தில் தோன்றும் இதைத் திசையறிய அடையாளமாகக் கொண்டு, பெயரும் வைத்தார்களாம். நேரமும் இடமும் முன்கூட்டியே தெரிந்த இடிமேகம் உலகில் அரிது என்பதால் ஆய்வாளர்கள் கருவிகளோடு வருவதும் வழக்கம்; 2006 தொடக்கத்தில் பன்னாட்டு அறிவியலாளர்கள் வெப்பமண்டல மேகங்களை அளக்க டார்வினில் பெரிய முகாமே நடத்தினார்கள்.

நகரத்தின் மேல் ஒரு சொட்டும் விழவில்லை.

நவம்பர் 20

நகரிலிருந்து கிழக்கே எழுபது கிலோமீட்டர் போல வண்டியோட்டி ஃபாக் அணைக்குப் போனோம். ஆறு மாத வறட்சிக்குப் பிறகு சமவெளி முழுவதும் சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடக்க, அணையின் தேங்கிய நீரில் மட்டும் பறவைகள் நெருக்கியடித்துக் கொண்டிருந்தன. முதலை இருப்பதால் அணைக்கரையின் மேல் நடக்க அனுமதியில்லை. வண்டிக்குள் அமர்ந்தபடியேதான் கடக்க வேண்டும்.

தஞ்சைப் பக்கத்துக்காரர்கள் கேட்க வேண்டிய கதை இந்த அணைக்கு உண்டு. ஹம்ப்டி டூ என்னும் இப்பகுதியில் பெருமளவில் நெல் பயிரிடலாம் என்று 1950களில் திட்டமிட்டு, பாசனத்துக்காகக் கட்டிய அணைதான் இது. பட்டியலில் எல்லாம் பொருத்தமாகவே இருந்தது: தட்டையான வண்டல் நிலம், ஆறு, வெயில், ஆண்டுக்கு ஒன்றரை மீட்டரை ஒட்டிய மழை. திட்டம் சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது. நாற்றை மேக்பை வாத்துகள் தின்று தீர்த்தன என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். வாத்துகள் தின்றதும் உண்மைதான். ஆனால் நிர்வாகக் கோளாறு, வடிகால் சிக்கல் ஆகியவற்றோடு மழையின் குணமும் பெரிய காரணம். ஆண்டு மொத்தத்தைச் சராசரியாகப் பார்த்தால் காவிரிப் படுகையைவிட இங்கே மழை அதிகம். அது எப்போது தொடங்கும், தொடங்கிய பிறகு எத்தனை வாரம் இடைவெளி விடும், விட்ட பிறகு எவ்வளவு ஒரேயடியாகக் கொட்டும் என்பதைச் சராசரி சொல்வதில்லை. நெல்லுக்கு வேண்டியது மொத்த அளவு அல்ல, வேளைக்குத் தண்ணீர். டெல்டா உழவர் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

நவம்பர் 21

புல்லக்கி முனையில் உள்ள வட ஆட்சிப்பகுதி அருங்காட்சியகத்தில் டிரேசி புயலுக்கென்று தனிக் கூடம் இருக்கிறது. அதன் ஓர் இருட்டறையில், அந்த இரவில் பாதிரியார் ஒருவர் பதிவு செய்த காற்றின் ஓசையை ஒலிக்க விடுகிறார்கள். உலோகத் தகடுகள் தரையில் உராயும் சத்தமும் அதோடு கலந்து வருகிறது. இரண்டு நிமிடத்துக்கு மேல் உள்ளே நிற்க என்னால் இயலவில்லை. உடன் நுழைந்த ஒரு குடும்பம் அதற்கு முன்பே வெளியேறிவிட்டது.

1974 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் செல்மா என்ற புயல் டார்வினை நெருங்கி வந்து, விலகிப் போனது. ஆகவே கிறிஸ்துமஸை ஒட்டி இன்னொரு புயல் அராஃபுரா கடலில் உருவாகி, தீவுகளுக்கு மேற்கே கடந்து செல்கிறது என்று வானொலி சொன்னபோது ஊர் பண்டிகைக்கான ஏற்பாடுகளில்தான் இருந்தது. 24ஆம் தேதி அது தென்கிழக்காகத் திரும்பியது. நள்ளிரவுக்குப் பின், 25ஆம் தேதி அதிகாலையில், நகரத்தின் மேலேயே கடந்தது. விமான நிலையக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் வேகத்தைப் பதிவு செய்துவிட்டுச் செயலிழந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலான வீடுகள் அழிந்தன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பிற நகரங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பரப்பளவில் டிரேசி மிகச் சிறிய புயல். சில பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் கடந்திருந்தால் இந்தக் கூடத்துக்கே தேவை இருந்திருக்காது. 1897 ஜனவரியிலும் 1937 மார்ச்சிலும் இதே நகரம் புயலில் சிதைந்திருக்கிறது என்றாலும், இன்றைய டார்வினை உருவாக்கியது டிரேசிதான்.

அதை நேரில் பார்க்க வேண்டுமானால் அருங்காட்சியகத்திலிருந்து மில்லி முனைக்குப் போக வேண்டும். 1930களின் இறுதியில் அரசு அலுவலர்களுக்காக பர்னெட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த சில வீடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. சாய்த்துத் திறக்கும் பலகைச் சன்னல்கள் சுவரின் பெரும்பகுதியை நிறைத்திருக்கின்றன. அறைகளைப் பிரிக்கும் உட்சுவர்கள் கூரை வரை எழும்பாமல் முக்கால் உயரத்தில் நின்றுவிடுவதால் ஒரு பக்கம் நுழையும் கடற்காற்று வீடு முழுவதும் தடையின்றி ஓடுகிறது. இந்த உக்கிரமான நவம்பர் பிற்பகலிலும், மின்விசிறி இல்லாமலேயே உள்ளே நிற்க முடிந்தது. நகரின் பழைய குடியிருப்புகளில் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய வீடுகளும் நிறைய இருந்தனவாம். அவற்றின் தரைக்கடியில் கிடைத்த நிழலில்தான் துணி உலர்ந்தது, பிள்ளைகள் விளையாடினார்கள், ஊஞ்சல் தொங்கியது.

டிரேசிக்குப் பிறகு விதிகள் கடுமையாயின. கூரையை அடித்தளத்தோடு இரும்புக் கம்பியால் பிணைக்க வேண்டும் என்பது போன்ற தேவைகள் ஆஸ்திரேலியா முழுவதற்கும் பாடமாயின. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அதே வேகத்தில் நகரம் தரையோடு அமர்ந்த கான்கிரீட் கட்டி வீடுகளுக்கு மாறியது. காற்று புகாத அவ்வீடுகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் உமிழ்கின்றன. குளிர்சாதனம் நின்றால் உள்ளே இருக்க முடியாது. நண்பரின் வீடும் அப்படித்தான். ஆயுளில் ஓரிரு இரவுகளில் வரக்கூடிய கொடுங்காற்றுக்கு அஞ்சி, ஆண்டில் பல மாதங்கள் இதமாக வீசும் காற்றையும் வெளியே நிறுத்திவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் இடம் தரும் வீட்டைக் கட்ட முடியாது என்பதல்ல. உயர்த்திய எஃகுச் சட்டமும் திறக்கும் சன்னலும் கொண்ட புதிய வீடுகளை இங்கேயே சிலர் கட்டியிருக்கிறார்கள். அவை விலை கூடியவை.

நகர நிர்வாகமும் வெக்கையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியிருப்பது தெரிகிறது. கேவனா தெருவின் குறுக்கே கொடி படர்வதற்காக ஒரு பெரிய இரும்புப் பந்தல் அமைத்திருக்கிறார்கள். பந்தல் உடனே வந்துவிட்டது. கொடி தன் வேகத்தில்தான் ஏறியது என்பதால் ஊர்க்காரர்களின் கிண்டலுக்கு அது பல காலம் ஆளானது. பக்கத்திலேயே கிளை விரித்து நிற்கும் பழைய மழைமரத்தின் அடியில் நான் பேருந்துக்காக நின்றேன்.

நவம்பர் 22

வெளியே போகவில்லை. காலையில் கிழக்கே மேகம் கூடியது, மதியம் கலைந்தது, மாலையில் மறுபடியும் கூடி, இருட்டி, தொலைவில் மின்னிவிட்டு ஒன்றுமில்லாமல் போனது. கடைகளில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். இந்த வாரங்களில் சண்டை சச்சரவு மிகுதி, பொறுமை குறைவு என்றும், இதை மாம்பழப் பைத்தியம் என்று சொல்வது வழக்கம் என்றும் நண்பரின் மனைவி சொன்னார். பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் பைத்தியத்தின் தொடக்க நிலையை நானும் உணர்ந்தேன்.

நவம்பர் 23

இன்று வந்தது.

பிற்பகலில் கடற்காற்று வழக்கம்போல வடமேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. கடலோர ஊரில் மழை கடலிலிருந்துதான் வரும் என்ற சென்னைப் பழக்கத்தில் நான் கடலையே பார்த்துக்கொண்டிருக்க, நண்பர் என்னை மறுபக்கம் திருப்பினார். தென்கிழக்கில், நிலத்தின் மேல், அடிவானத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கருநீலச் சுவர் ஒன்று நகர்ந்து வந்தது. பில்ட் அப் காலத்தின் மழை இப்படித்தான் உள்நாட்டிலிருந்து வருகிறது. கீழ்மட்டத்தில் கடற்காற்று ஈரத்தை உள்ளே கொண்டுபோகிறது. வெயிலில் காய்ந்த நிலத்தின் மேல் அது எழும்பி இடிமேகமாகிறது. நடுவானில் வீசும் கீழைக்காற்றோ அந்த மேகத்தைத் திருப்பிக் கடலை நோக்கித் தள்ளுகிறது. கடல் கொடுத்ததை நிலம் மாலையில் திருப்பித் தருவது போன்ற கணக்கு. பருவமழை முழுமையாக வந்த பிறகு இந்த ஒழுங்கு மாறி, மழையும் காற்றும் சேர்ந்தே வடமேற்குக் கடலிலிருந்து வரும்.

கடற்காற்று சட்டென்று நின்றது. ஒரு நிமிடம் இலை அசையவில்லை. பிறகு எதிர்த் திசையிலிருந்து பாய்ந்த குளிர்காற்றில் தென்னைகள் அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்தன. மேகத்துக்குள் மழை ஆவியாகிக் குளிர்ந்த கனமான காற்று தரையில் விழுந்து முன்னோக்கிப் பரவும்போது எழும் வீச்சு இது. வெப்பநிலை பத்து டிகிரி போலச் சில நிமிடங்களில் இறங்கியது. அதன் பின்னாலேயே மின்னல். எண்ண முயன்று விட்டுவிட்டேன். ஆஸ்திரேலியாவில் மின்னல் மிகுந்த பகுதிகளில் டார்வின் வட்டாரமும் ஒன்று. அதிலும் பெருமழைக் காலத்தைவிட இந்த இடைக்கால இடிமேகங்களில்தான் மின்னல் அதிகம். வறண்ட நிலத்தின் மேல் எழும் மேகத்தில் மேல்நோக்கிய காற்றோட்டம் கடுமையாக இருப்பதால் பனிக்கட்டித் துகள்கள் வேகமாக மோதி மின்னூட்டம் பிரிகிறது. கடலிலிருந்து வரும் பருவமேகத்தில் அந்த ஆவேசம் குறைவு, மழையின் அளவு கூடுதல்.

ஏறத்தாழ நாற்பது நிமிடம் கொட்டியது. சாலையின் இரு மருங்கும் சிற்றாறுகளாக ஓடின. அண்டை வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நனைந்துகொண்டே நின்றார்கள். யாரும் குடை எடுக்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் அதுவரை எங்கே இருந்தன என்று தெரியாத பச்சை மரத்தவளைகள் வடிகால் குழாய்க்குள்ளிருந்து கத்தத் தொடங்கின.

மழை நின்ற அரை மணி நேரத்துக்குள் தார்ச்சாலையிலிருந்து ஆவி எழுந்து, புழுக்கம் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. “இது கணக்கில்லை அண்ணை. மொன்சூன் வந்தால் நாட்கணக்கிலே நிக்காது” என்றார் நண்பர்.

நவம்பர் 24

இரவு விமானம். பகலில் நேரம் இருந்ததால், நண்பர் ‘கணக்கில்லை’ என்று சொன்னதன் பொருளைத் துருவிக்கொண்டிருந்தேன். வானிலை ஆய்வாளர்களுக்கும் நேற்றைய மழை கணக்கில்லைதான். கீழ்மட்டத்தில் மட்டுமன்றி மேலேயும் ஆழமாக மேற்குக் காற்று நிலைத்து, அதோடு பரவலான மழையும் வந்தால்தான் டார்வினில் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவிக்கிறார்கள். சராசரியாக அது டிசம்பர் இறுதியில் நிகழ்கிறது. சில ஆண்டுகளில் ஜனவரி பாதிவரை இழுக்கும்.

அந்த மேற்குக் காற்றின் பிறப்பிடத்தைத் தேடினால் நம் பக்கத்துக்கே வந்து சேர வேண்டியிருக்கிறது. வடகோளத்தின் குளிர்காலத்தில் ஆசிய நிலப்பரப்பின் மேல் காற்றழுத்தம் உயர்ந்து, அங்கிருந்து வடகிழக்குக் காற்று புறப்படுகிறது. அதன் ஒரு கிளை வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு தமிழகக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழையாக இறங்குகிறது. தென்சீனக் கடல் வழியே கீழிறங்கும் மற்றொரு கிளை, சூடேறிய ஆஸ்திரேலியாவின் தாழ்வழுத்தத்தால் இழுக்கப்பட்டு நிலநடுக்கோட்டைக் கடக்கிறது. பூமியின் சுழற்சி தென்கோளத்தில் காற்றை இடப்பக்கம் திருப்புவதால், வடகிழக்கிலிருந்து வந்த காற்று கோட்டைத் தாண்டியதும் வடமேற்குக் காற்றாக மாறி டார்வினை அடைகிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழை ஓயும் வேளையில் இவர்களுக்குப் பெருமழை தொடங்குவது, ஆசியாவிலிருந்து கிளம்பும் அந்த ஒரே பெருங்காற்றமைப்பு தெற்கே நகர்வதன் இரு கட்டங்கள்.

டார்வினுக்கும் இந்திய மழைக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர், பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே அறியும் வழியைத் தேடி, உலகெங்கும் உள்ள நிலையங்களின் அளவீடுகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிடச் செய்தார். பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்ற ஊசலாட்டம் அதில் வெளிப்பட்டது. அதற்குத் தெற்கத்திய அலைவு என்று பெயரிட்டார். இன்றும் அந்த அலைவின் குறியீட்டை தாஹித்தியிலும் டார்வினிலும் பதிவாகும் அழுத்தங்களின் வேறுபாட்டைக் கொண்டுதான் கணிக்கிறார்கள். டார்வினில் அழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றால், நடு, கிழக்குப் பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிட வெப்பமாகும் எல் நினோவின் அறிகுறி: இந்நகருக்கு மழை பிந்தக்கூடும், இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை மெலியக்கூடும், தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ வலுக்கும் போக்கு உண்டு. நம் ஊர்த் தொலைக்காட்சியில் எல் நினோ என்ற சொல் அடிபடும் ஒவ்வொரு முறையும், அதன் பின்னால் இந்தச் சிறிய நகரத்தின் பாதரச மட்டம் ஒன்று இருக்கிறது.

பெருமழையைப் பார்க்க இங்கே வர விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். டிசம்பரில் வருவது சூதாட்டம். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிக்குள் வாருங்கள். விடுதிக் கட்டணம் ஜூலையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் ககாடு தேசியப் பூங்காவின் ஜிம் ஜிம் அருவி போன்ற இடங்களுக்குச் செல்லும் மண்சாலைகள் வெள்ளத்தில் மூடப்பட்டுவிடும்; அருவிகள் நிறைந்து கொட்டும் மாதங்களில் அவற்றைக் குட்டி விமானத்திலிருந்து மட்டுமே காண முடியும். அதோடு, தொடங்கிய பருவமழை தொடர்ந்து பெய்யும் என்று நினைக்க வேண்டாம்; ஒன்றிரண்டு வாரம் கொட்டிவிட்டு அதே அளவு ஓய்வெடுக்கும் வழக்கம் அதற்கு உண்டு. 1971இல் மேடன், ஜூலியன் என்ற இரு அறிவியலாளர்கள் கண்டறிந்த, முப்பது முதல் அறுபது நாட்களில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும் மேகக் கூட்டத்தின் அலைவுதான் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரிதும் காரணம். அது இந்தியப் பெருங்கடலை விட்டுக் கிளம்பிவிட்டதா என்பதை ஆஸ்திரேலிய வானிலைத் துறை வாரந்தோறும் தெரிவிக்கிறது. அதைப் பார்த்துவிட்டு விமானச் சீட்டு எடுப்பது உசிதம்.